கண்காணிப்பின் செலவு யார் கணக்கில்? டெக்சாஸ் மின்சந்தை, 2021: ஒரு நிகழ்வு ஆய்வு

## எடுத்துக்கொண்ட நிகழ்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரி நடுவில் இறங்கிய கடுங்குளிர், அம்மாநில மின்தொகுப்பைச் சில நாள்கள் நிலைகுலைய வைத்தது. குளிரின் கடுமையைப் பற்றியும் உறைந்த குழாய்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. மின்சந்தையில் போட்டி ஒழுங்காக நடக்கிறதா, மின்சாரம் நம்பிக்கையான முறையில் வருகிறதா என்று பொதுமக்கள் சார்பில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அம்மாநிலம் எவ்வளவு செலவிட்டது, அந்தப் பணத்தை யார் தந்தார்கள், அது எந்த இடத்தில் குறைந்தது, குறைந்ததன் விளைவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பவற்றை இந்த ஆய்வு வரிசைப்படுத்திப் பார்க்கிறது. பொறுப்பில் இருந்தவர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் பெயரால் குறிப்பிடவில்லை.

## பின்னணி: சந்தையும் அதன் காவலர்களும்

டெக்சாஸ் 1999இல் இயற்றிய சட்டத்தின்படி 2002 ஜனவரி 1 முதல் மின்சாரச் சில்லறை விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. மாநிலத்தின் மின்தேவையில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சுமக்கும் தொகுப்பு, அமெரிக்காவின் கிழக்கு, மேற்குத் தொகுப்புகளோடு ஒத்தியங்காமல் தனித்து நிற்பது. அதனால் மொத்த விலை மின்விற்பனையில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கை டெக்சாஸுக்குள் நீளுவதில்லை. நம்பகத்தன்மை விதிகளில் மட்டும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்தச் சந்தையில் ஒரு மின்நிலையத்துக்குப் பெரும்பாலும் விற்ற யூனிட்டுக்குத்தான் பணம். ஆண்டு முழுவதும் தயாராக நின்றதற்கென்று தனித்தொகை கிடையாது. பற்றாக்குறை நேரத்தில் விலை மிக உயரும், அந்த உயர்வை எதிர்பார்த்தே புதிய முதலீடு வரும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. விலையின் உச்சவரம்பு படிப்படியாக ஏறி, 2015இல் மெகாவாட் மணிக்கு 9,000 டாலரை எட்டியது. நம்மூர்க் கணக்கில் இது ஒரு யூனிட்டுக்கு 9 டாலர். 2021ஆம் ஆண்டு மாற்று மதிப்பில் 650 ரூபாய்க்குக் குறையாது. சாதாரண நாள்களில் அதே யூனிட் மொத்தச் சந்தையில் இரண்டு மூன்று சென்டுக்குக் கைமாறும்.

விலை இந்த அளவுக்கு ஏற அனுமதி இருக்கும் இடத்தில், ஏற்றம் உண்மையான பற்றாக்குறையால் வந்ததா, யாரோ உற்பத்தியைப் பதுக்கியதால் வந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். நிலையங்கள் தேவைப்படும் நாளில் உண்மையிலேயே ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். முதலாவது போட்டியைக் காப்பது, இரண்டாவது நம்பகத்தன்மையைக் காப்பது. டெக்சாஸில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆளுநர் நியமிக்கும் 3 உறுப்பினர் கொண்ட பொதுப் பயன்பாட்டு ஆணையம் இருந்தது. அன்றாடம் தொகுப்பை இயக்கி, வாங்குவோர் விற்போர் கணக்கையும் தீர்த்துவைப்பது எர்காட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் லாப நோக்கற்ற நிறுவனம். சந்தையில் முறைகேடு நடக்கிறதா என்று பார்க்க ஒரு சுயேச்சையான சந்தைக் கண்காணிப்பாளர் உண்டு. ஆணையம் தேர்ந்தெடுக்கும் தனியார் ஆலோசனை நிறுவனமே அந்தப் பணியைச் செய்கிறது. நம்பகத்தன்மை விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்க டெக்சாஸ் நம்பகத்தன்மை நிறுவனம் என்ற அமைப்பு இருந்தது. அது கூட்டாட்சி விதிகளை ஒரு பக்கமும், ஆணையத்தோடு செய்த ஒப்பந்தத்தின் பேரில் மாநில விதிகளை மறுபக்கமும் கவனித்தது. மின்நிலையங்களுக்கு எரிவாயு தரும் கிணறுகளும் குழாய்களும் இவர்கள் யாருடைய எல்லையிலும் வரவில்லை. அவை, ரயில்வே ஆணையம் என்ற பழைய பெயரோடு எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஆளும் வேறொரு அமைப்பின் கீழ் இருந்தன.

போட்டிப் பக்கத்தின் கண்காணிப்பு பெயரளவுக்கு மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2005 கோடையில் மாநிலத்தின் மிகப் பெரிய உற்பத்தி நிறுவனம் விலையை ஏற்றும் வகையில் மின்சாரத்தை விற்க முன்வந்தது என்றும், அதனால் சந்தையின் செலவு சுமார் 5.7 கோடி டாலர் கூடியது என்றும் கண்காணிப்பாளர் கணக்கிட்டார். ஆணையத்தின் ஊழியர்கள் 2007இல் 21 கோடி டாலர் அபராதம் கேட்டார்கள். கடைசியில் 2008இல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் கணக்கிட்ட நட்டத்தில் கால்வாசிதான் வசூலானது. கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்குவது வேறு, கண்டதைக் கடைசிவரை கொண்டுபோய்த் தீர்க்கத் தெம்பு இருப்பது வேறு என்பதை அந்த வழக்கே காட்டிவிட்டது.

## பணம் வந்த வழி

இத்தனை அமைப்புகளுக்கும் ஆன செலவு வரி செலுத்துவோர் கணக்கில் நேரடியாக விழவில்லை. எர்காட், தொகுப்பில் ஓடும் ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் நிர்வாகக் கட்டணம் வசூலித்தது. 2016 முதல் அது 55.5 சென்ட். மாதம் 1,000 யூனிட் செலவழிக்கும் ஒரு டெக்சாஸ் வீட்டுக்கு இது மாதத்துக்கு அரை டாலரைச் சற்றே தாண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 38 கோடி மெகாவாட் மணி ஓடும் தொகுப்பில் இது 21 கோடி டாலர் அளவுக்குத் திரளும். கட்டுப்பாட்டு அறை, கணினி, ஊழியர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். சந்தைக் கண்காணிப்பாளரின் ஊதியமும் அதிலிருந்தே போயிற்று. கண்காணிக்கப்படும் நிறுவனத்தின் வழியாகவே கண்காணிப்பவருக்குப் பணம் வருவது பார்வைக்கு உறுத்தலாக இருந்தாலும், தேர்வும் ஒப்பந்தமும் ஆணையத்தின் கையில் இருந்ததால் நடைமுறையில் அது பெரிய சிக்கலாக வெடிக்கவில்லை.

ஆணையத்தின் கதை வேறு. கடைசி நுகர்வோரிடம் மின் நிறுவனங்கள் வசூலிக்கும் தொகையில் 1 சதவீதத்தின் ஆறில் ஒரு பங்கை, ஒழுங்குமுறைக் கட்டணமாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 120 டாலர் பில்லில் இது 20 சென்ட். ஆனால் இந்தப் பணம் ஆணையத்துக்குப் போவதில்லை. மாநிலப் பொது நிதியில் சேர்கிறது. அதிலிருந்து ஆணையத்துக்கு எவ்வளவு தருவது என்பதைச் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, மற்ற எல்லாத் துறைகளோடும் சேர்த்து வைத்துத் தீர்மானிக்கிறது. மின் கண்காணிப்பின் பெயரால் பில்லில் பிடிக்கும் தொகைக்கும் கண்காணிப்புக்குச் செலவாகும் தொகைக்கும் சட்டத்தில் முடிச்சு இல்லை. இந்த நிகழ்வு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

## முன்பே கிடைத்த எச்சரிக்கைகள்

1989 டிசம்பரில் இதே தொகுப்பு குளிரால் தடுமாறி, மின்வெட்டு செய்ய நேர்ந்தது. நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்று அப்போது பரிந்துரை எழுந்தது, கட்டாயம் ஆகவில்லை. 2011 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை: எர்காட் பகுதியில் மட்டும் 32 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். கூட்டாட்சி ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை நிறுவனமும் கூட்டாக விசாரித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் விரிவான அறிக்கை தந்தன. உணர்கருவிக் குழாய்கள் உறைவதும், வெப்பமூட்டிக் கம்பிகள் பழுதாகிக் கிடப்பதும், காப்புறை இல்லாத வால்வுகளும் அதில் இடத்தோடு காரணத்தோடு குறிக்கப்பட்டிருந்தன.

அதற்குப் பின் மாநிலச் சட்டமன்றம் செய்தது, நிலையங்கள் தங்கள் அவசரகாலத் திட்டங்களை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் அவற்றைப் படித்து அறிக்கை தர வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றியது. எர்காட் ஆள்கள் சில நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததில் குறை இருந்தால் சொல்லலாம். திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டாட்சி அளவிலும் குளிர்காலத் தயாரிப்பு ஒரு வழிகாட்டுக் குறிப்பாகவே இருந்தது, அபராதம் போடத்தக்க விதியாக இல்லை.

இதற்குப் பின்னே இருந்த தர்க்கம் எளிது. 9,000 டாலர் விலை கிடைக்கும் நாளில் ஓடாமல் நிற்பவனுக்குத்தான் நட்டம். ஆகவே அவனவன் தன் நிலையத்தைத் தானே பார்த்துக்கொள்வான். அரசு ஆள் வைத்து எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தயார்நிலைக் கண்காணிப்பின் வேலையை விலையே செய்துவிடும் என்ற நம்பிக்கை இது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் குளிருக்காக இன்று செலவழிக்க எந்த நிலைய மேலாளருக்கும் அடுத்த காலாண்டுக் கணக்கு இடம் கொடுக்காது என்பதை அந்த நம்பிக்கை கணக்கில் எடுக்கவில்லை.

## 2020: கண்கள் குறைந்தன

2020ஆம் ஆண்டில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. டெக்சாஸ் நம்பகத்தன்மை நிறுவனத்தோடு ஆணையம் வைத்திருந்த மாநில ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆணையத்துக்குள் தனியாக இயங்கிய மேற்பார்வை, அமலாக்கப் பிரிவும் கலைக்கப்பட்டது. அந்த நிறுவனம் கூட்டாட்சி விதிகளைத் தொடர்ந்து பார்த்துவந்தது உண்மை. ஆனால் மேலே சொன்னபடி கூட்டாட்சி விதிகளில் குளிர்காலத் தயாரிப்பு அப்போது கட்டாயம் இல்லை. மாநில விதிகளைப் பார்க்க மாற்று ஆள் அமர்த்தப்படவில்லை. 2021 பிப்ரவரியில் தொகுப்பு சரிந்தபோது அந்த நாற்காலி காலி.

அந்த ஒப்பந்தம் இருந்திருந்தால் மின்வெட்டு நடந்திருக்காது என்று வாதிடுவது நேர்மையாகாது. அது இருந்த பத்தாண்டிலும் குளிர்த் தயாரிப்பு கட்டாயம் ஆகவில்லை. ஆனால் விலையைப் பார்க்கும் கண்காணிப்பாளரின் ஒப்பந்தத்தில் யாரும் கை வைக்கவில்லை, தயார்நிலையைப் பார்ப்பவரின் ஒப்பந்தம்தான் போனது என்பது, எதை அத்தியாவசியம் என்றும் எதைக் கூடுதல் என்றும் அன்றைய ஆணையம் எண்ணியது என்பதைக் காட்டிவிடுகிறது.

## பிப்ரவரி 14 முதல் 19 வரை

நவம்பரில் எர்காட் வெளியிட்ட குளிர்கால மதிப்பீடு, மிகக் கடுமையான நிலையில்கூடத் தேவை 67,200 மெகாவாட்டை ஒட்டித்தான் இருக்கும் என்றது. பிப்ரவரி 14 மாலையில் தேவை 69,222 மெகாவாட்டைத் தொட்டது. நள்ளிரவு கடந்ததும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. 15ஆம் தேதி அதிகாலை 1.20 மணிக்கு மின்வெட்டு ஆணை பிறந்தது.

டெய்லர் என்ற சிற்றூரில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் அடுத்த அரை மணி நேரம் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொகுப்பின் இயல்பான அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். அது 59.4க்குக் கீழே 9 நிமிடம் தொடர்ந்தால், மின்னாக்கிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே துண்டித்துக்கொள்ளும். அப்படித் துண்டித்தால் மிச்சமிருக்கும் நிலையங்களும் சரிந்து மாநிலம் முழுவதும் இருண்டுவிடும். அன்று அதிகாலை 1.55 மணி அளவில் அதிர்வெண் 59.302க்கு இறங்கியது. இயக்குநர்கள் ஆணைக்கு மேல் ஆணையிட்டு ஆயிரக்கணக்கான மெகாவாட் சுமையை, அதாவது மின்தேவையை, வெட்டிக்கொண்டே போனார்கள். வெட்ட வெட்ட இன்னொரு நிலையம் விழும். 59.4க்குக் கீழே தொகுப்பு இருந்த நேரம் 4 நிமிடம் 23 விநாடி. எல்லைக்கு மிச்சம் இருந்தது 4 நிமிடம் 37 விநாடி. முழுத் தொகுப்பும் அணைந்திருந்தால் மீண்டும் உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று எர்காட் பின்னர் கூறியது. அந்த இரவில் பணியில் இருந்தவர்களின் வேகம் குறித்து எந்த விசாரணையிலும் குறை சொல்லப்பட்டதாக நான் படித்ததில்லை.

வெட்டு ஒரு கட்டத்தில் 20,000 மெகாவாட்டை எட்டியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. சுழற்சி முறையில் வெட்டலாம் என்ற திட்டம் நடக்கவில்லை. மருத்துவமனை போன்ற முக்கிய இணைப்புகள் இருக்கும் பாதைகளை விலக்கிவிட்டால் சுழற்ற மிச்சம் இருந்த பாதைகள் போதவில்லை. ஆகவே வெட்டுப்பட்ட தெருக்கள் நாள்கணக்கில் வெட்டுப்பட்டே கிடந்தன. மாநிலச் சுகாதாரத் துறையின் இறுதிக் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் பெரும்பாலோர் குளிர் தாங்காமல் இறந்தவர்கள்.

மிக மோசமான நேரத்தில் 52,000 மெகாவாட்டுக்கும் அதிகமான திறன் செயலிழந்து கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த கூட்டு விசாரணை அறிக்கை, டெக்சாஸையும் அதே குளிரில் சிக்கிய அண்டைத் தொகுப்புப் பகுதிகளையும் சேர்த்து 1,045 உற்பத்தி அலகுகள் பாதிக்கப்பட்டதாகவும், காரணங்களில் 44.2 சதவீதம் உறைதல் என்றும், 31.4 சதவீதம் எரிபொருள் சிக்கல் என்றும் பிரித்துக் காட்டியது. உறைந்த அலகுகளில் 81 சதவீதம், எந்தக் குளிர் வரை தாங்கும் என்று உரிமையாளர்களே சொல்லியிருந்தார்களோ அந்த அளவுக்குக் குளிர் இறங்கும் முன்பே உறைந்துவிட்டன. யாராவது முன்கூட்டி நேரில் போய்ச் சரிபார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பொய்க்கணக்கு இது. எரிவாயுப் பக்கத்தில் இன்னொரு விந்தை நடந்தது. எரிவாயுவை அழுத்திக் குழாயில் ஏற்றும் பல நிலையங்கள், தாங்கள் முக்கிய இணைப்புகள் என்று உரிய படிவத்தில் பதிவு செய்துகொள்ளவில்லை. மின்வெட்டில் அவையும் சேர்ந்தே வெட்டுப்பட்டன, எரிவாயு குறைந்தது, மேலும் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரத்தைப் பார்ப்பவர்களும் எரிவாயுவைப் பார்ப்பவர்களும் வெவ்வேறு கூரையின் கீழ் இருந்ததன் விலை இது.

## 9,000 டாலர் முடிவு

பிப்ரவரி 15 அன்று ஆணையம் கூடியபோது எர்காட் ஒரு விந்தையான நிலையைச் சொன்னது. லட்சக்கணக்கான வீடுகள் வெட்டுப்பட்டிருக்கும் நேரத்தில், சந்தை விலை சில வேளைகளில் 1,200 டாலர் வரை இறங்கிக் காட்டியது. காரணம் கணினியின் தர்க்கம்: வெட்டப்பட்ட சுமை கணக்கில் இல்லாததால், மிச்சமுள்ள தேவைக்கு மிச்சமுள்ள உற்பத்தி போதுமானதாகத் தெரிந்தது. பற்றாக்குறை உச்சத்தில் இருக்கும்போது விலையும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதே சந்தையின் அடிப்படை என்று கூறி, சுமைவெட்டு நடக்கும்வரை விலை 9,000 டாலராகக் காட்டப்பட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

கொள்கையளவில் இந்த முடிவுக்கு நியாயம் உண்டு. தொழிற்சாலைகள் தாமாகவே நிறுத்தவும், ஓடக்கூடிய நிலையங்கள் ஓடவும் அந்த விலை தூண்டும். ஆனால் உறைந்து கிடக்கும் நிலையத்தை எந்த விலையும் உருக்கிவிட முடியாது. இன்னொன்றும் நடந்தது: விலையை மேற்பார்வை செய்ய வேண்டிய அமைப்பே விலையை நிர்ணயித்தது. அந்தக் கணத்திலிருந்து, விலை சரியா என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர் சந்தைக் கண்காணிப்பாளர் ஒருவரே ஆனார்.

அவர் எழுப்பினார். சுமைவெட்டு ஆணைகள் பிப்ரவரி 17 நள்ளிரவுக்குச் சற்று முன் முடிவுக்கு வந்துவிட்டன. ஆனால் எர்காட், மீண்டும் சரிவு வந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கையில், 19ஆம் தேதி காலை 9 மணி வரை, அதாவது 32 மணி நேரத்துக்கும் மேல், விலையை 9,000 டாலரிலேயே பிடித்துவைத்தது. சுமைவெட்டு இருக்கும்வரை என்றுதான் உத்தரவு; வெட்டு முடிந்த பின் அந்த விலைக்கு அடிப்படை இல்லை; அந்த நேரத்துக்கு விலையைத் திருத்த வேண்டும் என்று மார்ச் 4ஆம் தேதியிட்ட கடிதத்தில் கண்காணிப்பாளர் பரிந்துரைத்தார். கூடுதல் தொகையை முதலில் 1,600 கோடி டாலர் என்றார். முன்னரே செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தங்களைக் கழித்த பின் அது வெகுவாகக் குறைந்து, 500 கோடியை ஒட்டி வந்து நின்றது.

ஆணையம் மறுத்தது. அந்த விலையை நம்பிப் பலர், விலை ஏற்றத்தாழ்வுக்கு எதிராகச் செய்துவைத்திருந்த பாதுகாப்பு ஒப்பந்தங்களைத் தீர்த்துக்கொண்டுவிட்டார்கள், பின்னோக்கித் திருத்தினால் யாருக்கு லாபம் யாருக்கு நட்டம் என்று சொல்ல முடியாது என்பது காரணம். மாநில மேலவை திருத்தச் சொல்லும் மசோதாவை ஒரே நாளில் நிறைவேற்றியது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் ஆணையத்தின் 3 உறுப்பினர்களும் பதவி விலகியிருந்தார்கள் அல்லது விலகல் கடிதம் கொடுத்திருந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் போயிற்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையம் அதிகாரத்தை மீறிவிட்டது என்றது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி, ஆணையம் செய்தது சட்டப்படி சரி என்று முடித்துவைத்தது.

## யார் கட்டினார்கள்

மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டு பில்லில் ஏற்றும் ஒரு சில்லறை நிறுவனத்திடம் சுமார் 29,000 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரு வாரத்து மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்த வீடுகள் உண்டு. 16,000 டாலரைத் தாண்டிய பில்லும் செய்தியில் வந்தது. அந்த நிறுவனம் திவாலானது. அத்தகைய திட்டங்களை வீடுகளுக்கு விற்பது பின்னர் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. மாநிலத்தின் மிகப் பழைய, மிகப் பெரிய மின் உற்பத்திக் கூட்டுறவு அமைப்பு, எர்காட் அனுப்பிய 180 கோடி டாலருக்கு மேற்பட்ட பில்லோடு மார்ச் 1 அன்று திவால் மனு போட்டது. எர்காட்டுக்கு வர வேண்டிய பணத்தில் ஏறத்தாழ 300 கோடி டாலர் வராமல் நின்றது.

இந்தத் துண்டுகளை எல்லாம் கடன் பத்திரங்களாக மாற்றிக் காலத்தில் பரப்பும் வழியைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. மின்சந்தைக்காக 210 கோடி டாலர், கட்டாமல் விட்டவர்களின் பாக்கிக்காக 80 கோடி டாலர், எரிவாயு நிறுவனங்கள் அந்த வாரம் கொடுத்த அதீத விலைக்காக 2023இல் ஏறத்தாழ 350 கோடி டாலர் என்று பத்திரங்கள் வெளியாயின. மின்சந்தைப் பத்திரங்களுக்குச் சட்டம் அனுமதித்த காலம் 30 ஆண்டு வரை. 2021இல் பிறந்திராத குழந்தைகளும் அந்த வாரத்து மின்சாரத்துக்குக் கட்டுவார்கள். இவை வெறும் பில் கணக்குகள். டல்லாஸ் மத்திய வங்கிக் கிளையின் மதிப்பீட்டில் மாநிலத்தின் மொத்த இழப்பு 8,000 கோடி முதல் 13,000 கோடி டாலர் வரை.

## பின் வந்த மாற்றங்கள்

2021 கோடையில் நிறைவேறிய சட்டங்கள் ஆணையத்தை 5 உறுப்பினராக விரித்தன. எர்காட் இயக்குநர் குழுவிலிருந்து சந்தை நிறுவனங்களின் பிரதிநிதிகளை விலக்கின. குளிர்த் தயாரிப்பைக் கட்டாயமாக்கின. மீறலுக்கான அபராதம் நாளொன்றுக்கு 25,000 டாலரிலிருந்து 10 லட்சம் டாலர் வரை உயர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எர்காட் ஆய்வாளர்கள் 302 உற்பத்தி அலகுகளையும் 22 மின்கடத்தல் நிலையங்களையும் நேரில் பார்த்தார்கள்; 3 தவிர மற்றவை தேறின. ஆய்வின் செலவை ஆய்வுக்கு உள்ளாகும் நிறுவனங்களிடமே கட்டணமாக வாங்கும் முறையும் வந்தது. எரிவாயுப் பக்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது: 150 டாலர் கட்டி விண்ணப்பித்தால் முக்கிய நிலையம் என்ற பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று முதலில் ஒரு விதி வரைவு வந்து, கடும் கண்டனத்துக்குப் பிறகே இறுக்கப்பட்டது.

சோதனை 2022 டிசம்பரில் வந்தது. தேவை 74,000 மெகாவாட்டை ஒட்டிய குளிர்காலச் சாதனையைத் தொட்டும், எர்காட் ஒரு மெகாவாட்டைக்கூட வெட்டவில்லை. அதே குளிரில், கட்டுப்படுத்தப்பட்ட விலையில் இயங்கும், கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்தது. டெக்சாஸில் நடந்ததற்குச் சந்தைமுறை மட்டுமே காரணம் என்பாருக்கு இது சங்கடமான சான்று.

ஆணையத்தின் பக்கத்தில், 2022 இறுதியில் சட்டமன்றத்தின் மறுஆய்வு அமைப்பு தன் அறிக்கையைத் தந்தது. விரிந்துகொண்டே போகும் பொறுப்புக்கு ஆணையத்திடம் ஆள்பலமும் பணபலமும் மிகக் குறைவு என்றும், எர்காட் தரும் தரவைத் தானாகச் சோதித்துப் பார்க்கும் திறன் அதற்கு இல்லை என்றும் அது கண்டது. 2023இல் ஆணையம் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. எர்காட்டின் கட்டணம் 2024 முதல் 71 சென்டாக உயர்ந்தது. மாதம் 1,000 யூனிட் வீட்டுக்கு இது 15.5 சென்ட் கூடுதல்.

## எதிர்ப்பக்கத்துச் செலவு

2021க்குப் பிறகு எர்காட் எப்போதும் கூடுதல் நிலையங்களைக் கையிருப்பில் வைத்து ஓட்டத் தொடங்கியது. 2023 ஜூனில் அவசர இருப்புக்கென்று ஒரு புதிய சேவையையும் சேர்த்தது. அதை இயக்கிய விதம், சந்தைக்குக் கிடைக்கக்கூடிய மின்சாரத்தை ஒதுக்கிப் பூட்டிவைத்துச் செயற்கைப் பற்றாக்குறையை உண்டாக்கியது என்றும், அந்த ஓராண்டில் மட்டும் சந்தையின் செலவு 1,200 கோடி டாலருக்கு மேல் கூடியது என்றும் அதே சந்தைக் கண்காணிப்பாளர் கணக்கிட்டார். எர்காட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனாலும் சேவையை விடுவிக்கும் விதிகள் பின்னர் தளர்த்தப்பட்டன.

என் பார்வையில் இந்த ஆய்வில் அதிகம் பேசப்பட வேண்டிய இடம் இதுதான். ஒரு பக்கம் 55.5 சென்ட் கட்டணத்தை 71 சென்டாக்க ஆணையத்தில் விசாரணை, ஆவணங்கள், எதிர்ப்பு மனுக்கள். மறுபக்கம், பாதுகாப்பு என்ற பெயரில் இயக்க முறையில் செய்த ஒரு மாற்றத்தால் அதைவிடப் பல மடங்கு பணம் பில்லில் ஏறியிருக்கலாம். அந்தத் தொகைக்குப் பில்லில் தனி வரி இல்லை. கண்காணிப்பின் பொதுச் செலவு என்று நாம் எண்ணுவது பட்ஜெட்டில் தெரியும் தொகையை மட்டும்தான்.

## எதை மாற்றியிருக்கலாம்

நிகழ்வை முழுவதும் பார்த்த பிறகு, நான்கு இடங்களில் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. முதலாவதும் முக்கியமானதும் நிதி. நுகர்வோரிடம் பிடிக்கும், 1 சதவீதத்தின் ஆறில் ஒரு பங்கான கட்டணத்தில் குறிப்பிட்ட பகுதியாவது ஆணையத்துக்கே போகும் என்று கட்டியிருந்தால், 2020இல் தயார்நிலை ஒப்பந்தத்தை விடுவதா வைப்பதா என்ற கேள்வி பணத்தின் பெயரால் எழும் வாய்ப்பே குறைந்திருக்கும். இரண்டாவது, நிலையங்கள் எந்தக் குளிர் வரை ஓடும் என்று உரிமையாளர் சொல்வதை நேரில் சோதிக்கும் ஏற்பாடு; 2021 டிசம்பரில் 324 இடங்களுக்குப் போக முடிந்ததென்றால் 2011லும் முடிந்திருக்கும். மூன்றாவது, எரிவாயு, மின்சாரம் இரண்டின் முக்கிய இணைப்புப் பட்டியலையும் ஒரே அமைப்பு வைத்துக்கொள்வது. இது 2021க்குப் பிறகு ஓரளவு நடந்தது. நான்காவது, ஆணையமே விலையை நிர்ணயிக்கும் அவசர உத்தரவுகளுக்கு, எப்போது காலாவதி ஆகும் என்ற நேரத்தை உத்தரவிலேயே எழுதிவைப்பது. பிப்ரவரி 15 உத்தரவில் அப்படி ஒரு நேரம் இருந்திருந்தால், 17ஆம் தேதி நள்ளிரவில் கட்டுப்பாட்டு அறையில் யாரும் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. மூன்றாண்டு வழக்குக்கும் இடம் இருந்திருக்காது.

நிதி முடிச்சு இன்னும் போடப்படவில்லை. கட்டணம் இப்போதும் பொது நிதிக்கே போகிறது. ஆணையத்துக்கு எவ்வளவு என்பதைச் சட்டமன்றம் அமர்வுக்கு அமர்வு தீர்மானிக்கிறது. 2029 மறுஆய்வில் அந்தப் பிரிவைத் திருத்துவதா என்ற கேள்வி மீண்டும் அவர்கள் முன் வரும்.